நாற்பதில் ஒரு போன்

காலை பதினொன்று பத்துக்குச் செய்தி வந்தது. தானாக வரவில்லை. டீச்சர்தான் போன் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் இப்போது டீச்சர் இல்லை. நெட்வொர்க் கம்பெனியின் சோதனை அறையில் சேருவதற்கு முன் ஒரே ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். அந்த ஒரு வருடத்தை வைத்துக்கொண்டு பதினொரு வருடமாக அறையில் எல்லோரும் அவளை டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள். பெயர் வைத்தவர் பக்கத்து மேசைக்காரர். அவருக்கு அறை வைத்திருந்த பெயர் 'பொறுங்க சார்'.

அன்றைக்குப் பொறுங்க சார் வந்து சேரவில்லை. ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அலமாரியில் வரிசையாக நிற்கும் பதினாறு சோதனை போன்களையும் ஒரு பார்வை பார்த்து, "என்ன பிள்ளைகளா, எல்லாரும் உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்கிறவர். பத்து மணிவரை டீச்சர் கண்டுகொள்ளவில்லை. பத்தரைக்குக் கதவைப் பார்த்தாள். பதினொன்று பத்துக்கு அவர் எண்ணை அழுத்தினாள்.

யாரோ எடுத்தார்கள். "என்ன சார், ராஜா இன்னிக்குப் பல்லக்குல வர்றாரா? இங்க எழுபத்தொண்ணாம் டெஸ்ட் உங்களைத் தேடி அழுது" என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்துவிட்டாள்.

 அந்தப் பக்கம் அவர் மனைவியின் குரல்.

"நான் பேசுறேம்மா. ஆஸ்பத்திரியில இருக்கோம். எட்டே முக்காலுக்கெல்லாம் முடிஞ்சுபோச்சு."

டீச்சர் "சரிக்கா" என்றாள். அந்த 'சரிக்கா'வை நினைத்துப் பிற்பாடு எத்தனையோ நாள் கூசிப்போனாள். அப்போது வாயில் வந்தது அவ்வளவுதான். எதிரே அலமாரியில், அவள் கொஞ்சம் முன்னால் அணைத்துப் போட்ட போன்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டிருந்தன. ஒன்று வெளிச்சம் காட்டி முடிக்கவும் அடுத்தது காட்டியது.

*

அவருக்கு ஐம்பத்தொரு வயது. பத்தொன்பது வயதில் ஒரு போன் கடையில் உடைந்த கண்ணாடி மாற்றுகிற வேலையில் உட்கார்ந்தவர். பகலில் கண்ணாடி, மாலையில் தபால் வழிப் பட்டப் படிப்பு. பட்டம் கைக்கு வந்ததும் கம்பெனியின் விற்பனைக் கவுன்டரில் சேர்ந்தார். அங்கே வந்து சண்டை போட்டவர்கள் சொன்ன குறைகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் மூன்று நோட்டு ஆனது. அதைத் தலைமை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, மேலே இருந்த ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு திட்டு வாங்கியும் பைத்தியம் பிடிக்கலையா உமக்கு?" என்று கேட்டு, அடுத்த மாதமே சோதனை அறைக்கு மாற்றினாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் சார், "பிடிச்சுருச்சுன்னு தெரிஞ்சுதான் இங்க போட்டாங்க" என்று முடிப்பார்.

சோதனை அறையில் என்ன வேலை என்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு போன்கள். ஒன்று நேரே கடைக்குப் போகிறது. மற்றது நெட்வொர்க் கம்பெனிக்கு வந்து, முதுகில் கம்பெனி முத்திரை வாங்கிக்கொண்டு, விலை குறைத்து விற்கப்படுகிறது. போனைச் செய்தவர்கள் புது மென்பொருள் எழுதி முடித்ததும் வெறும் போனுக்கு அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள். முத்திரை போனுக்கு அப்படிப் போக முடியாது. அது முதலில் இந்த அறைக்கு வரவேண்டும். இங்கே நூற்றுப் பன்னிரண்டு சோதனை. எல்லாம் சரி என்று சார் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முத்திரை போனுக்கு வழி திறக்கும். மூன்று வாரம் ஆகும். ஆறு வாரமும் ஆகும்.

ஒரு கல்யாண வீட்டில் அவருடைய மச்சினன் நாலு பேர் நடுவில் பிடித்துக்கொண்டான். "மாமா, என் சிநேகிதனும் நானும் ஒரே போன்தான். அவன் கடையில வாங்கினான், நான் உங்க முகத்துக்காக உங்க கம்பெனியில வாங்கினேன். அவனுக்குப் போன மாசமே அப்டேட் வந்துருச்சு. எனக்கு எப்போ?"

"பொறுங்க மாப்பிள்ளை."

"இதைத்தான் ஒரு மாசமா சொல்றீங்க."

"அவன் போன் தனிக்குடித்தனம். நினைச்ச நேரம் நினைச்சதை உடுத்திக்கிட்டுக் கிளம்பிடும். உங்களது கூட்டுக்குடும்பத்துல வாழ்க்கைப்பட்ட போன். புதுத்துணின்னா மாமியார்கிட்டக் காட்டிட்டுத்தான் வாசல் தாண்டணும்."

"அந்த மாமியார் யாரு?"

"நான்தான்" என்றார் சார். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் அவரை மாமியார் என்றே கூப்பிட்டார்கள். டீச்சருக்கு இதைச் சொன்னது அவர் மனைவி. சார் தன்னைப் பற்றிய கேலியைத் தானே அலுவலகத்துக்குக் கொண்டுவருகிற ஆள் இல்லை.

*

அந்த அறைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. எந்த மென்பொருளும் ஊருக்குப் போவதற்கு முன்னால் நாற்பது போன்களுக்கு மட்டும் போகும். முதல் பட்டியல் என்று பெயர். அந்த நாற்பதும் அறைக்காரர்களின் வீட்டுப் போன்கள். தன்னுடையது, தம்பியுடையது, சின்னம்மாவுடையது. மாமியார் போனைப் போடுவது நல்லது என்பார்கள். கோளாறு இருந்தால் புகார் வர ஐந்து நிமிடம்கூட ஆகாது. இந்த நாற்பதுக்கும் மென்பொருள் 'ஏற்றட்டுமா' என்று கேட்டுக்கொண்டு நிற்காது. ஊர் போன்களில்தான் 'இப்போது', 'பிறகு' என்று இரண்டு கட்டம் காட்டும். இவற்றில் விடியற்காலை மூன்று மணிக்குத் தானே ஏறி, தானே அணைந்து, தானே எழுந்துகொள்ளும்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மென்பொருள் வந்தது. ஏதோ சரியில்லை என்று அறையில் எல்லோருக்கும் மூக்கில் அடித்தது. என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. மேலிடத்தில் அவசரப்படுத்தினார்கள். போகிற நாளுக்கு முந்தின மாலை மூன்று பேர் சத்தமில்லாமல் பட்டியலைத் திறந்து தங்கள் வீட்டுப் போன்களை உருவிக்கொண்டார்கள். அதில் ஒல்லி என்று பெயர்பெற்றவனும் ஒருவன். மென்பொருள் ஊருக்குப் போனது. பதினோராயிரம் போன்களில் சேமித்துவைத்த பெயரும் எண்ணும் அழிந்தன. ஒரு பெரியவர் கவுன்டரில் வந்து போனை நீட்டி, "இதுல என் பையன் நம்பர் இருந்துச்சு தம்பி" என்று மட்டும் சொன்னாராம். வேறு எங்கேயும் அவர் அதை எழுதிவைத்திருக்கவில்லை.

சார் மறுநாள் ஒல்லியைக் கூப்பிட்டுக் கேட்டார். சத்தம் போடவில்லை.

"உன் மாமியார் போனை ஏன்டா எடுத்தே?"

"சார், அந்தம்மா போன்ல கோளாறு வந்தா எனக்கு ராத்திரி சோறு கிடைக்காது சார்."

"நம்ம வீட்டுப் போனை உருவிட்டு ஊரான் போனுக்கு அனுப்புறது என்னடா பிழைப்பு?"

அன்றைக்கு எழுதிய விதி அது. பட்டியலை ஒருமுறை மூடிவிட்டால் யாரும் தன் வீட்டுப் போனை எடுக்கக்கூடாது. எடுத்தே ஆகவேண்டுமென்றால் நூற்றுப் பன்னிரண்டு சோதனையும் முதலிலிருந்து. அதோடு, நாற்பது போனும் 'ஏறியது' என்று பதில் சொன்னால்தான் ஊருக்கு வழி திறக்கும். முப்பத்தொன்பது சொன்னால் திறக்காது. விதியை எழுதியவரின் சொந்த போன் எப்போதும் பட்டியலில் முதல் வரி.

*

அவர் இறந்த வாரம் அறையில் இருந்த மென்பொருள் ஒரே ஒரு காரியத்துக்காக எழுதப்பட்டது. அவசர எண்ணை அழுத்தினால், சில நேரம் முதல் தடவை லைன் கிடைக்காமல் அழைப்பு விழுந்துவிடும். இரண்டாம் தடவை போய்விடும். எப்போதும் அல்ல, ஒரு செல்போன் கோபுரத்தை விட்டு இன்னொரு கோபுரத்தை போன் பிடித்துக்கொண்டிருக்கிற அந்தக் கணத்தில் மட்டும். வெறும் போன்களுக்கு அதன் மருந்து என்றோ போய்ச் சேர்ந்துவிட்டது. முத்திரை போன்களுக்கான மருந்து இருபத்திரண்டு நாளாகச் சார் மேசையில் இருந்தது.

பத்தாம் நாள் எல்லாச் சோதனையும் ஏறக்குறைய முடிந்திருந்தது. எழுபத்தொன்றாம் சோதனைதான் அவசர அழைப்பு. நாற்பது தடவை அழைத்துப் பார்க்கவேண்டும். முப்பத்தொன்பது தடவை போனது. ஒரு தடவை விழுந்தது.

"நாற்பதுல ஒண்ணுதானே சார்" என்றாள் டீச்சர்.

"அந்த ஒண்ணு யாருன்னு சொல்லு, விட்டுடறேன்."

பட்டியலை மூடி முத்திரை வைத்தாகிவிட்டது. கையெழுத்தை மட்டும் நிறுத்திக்கொண்டார். வேறு வேறு போனில், வேறு வேறு நேரத்தில், மறுபடி மறுபடி எழுபத்தொன்று. பன்னிரண்டு நாள். மேலாளர் இரண்டு தடவை வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். "பொறுங்க" என்றார் சார். பதின்மூன்றாம் நாள் வரவில்லை.

மீதி வேலையும் கையெழுத்தும் டீச்சர் பொறுப்புக்கு வந்தன. எல்லாக் காரியமும் முடிந்த மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்கு வந்து, கணினியில் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பது ஏழுக்கு முதல் வரி மினுங்கியது. ஒவ்வொரு போனும் நாளுக்கு ஒருமுறை சர்வரிடம் 'புதிதாக ஏதாவது இருக்கிறதா' என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். சாருடைய போனின் நேரம் ஒன்பது ஏழு. அது கேட்டது. 'இல்லை' என்று சர்வர் சொன்னது. டீச்சர் திரையை அணைத்தாள். மறுநாள் அதே நேரத்துக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். திரும்பி வந்து பார்த்தால் வரியில் நேரம் பதிந்திருந்தது.

அந்த ஒரு தடவை விழுந்தது ஏன் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. பதினாறு போன்களில் ஒன்றில் சிம் வைக்கிற தட்டு மயிரிழை வளைந்திருந்தது. யாரோ எப்போதோ கீழே போட்டிருக்கிறார்கள். மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. டீச்சர் அந்தத் தட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நகத்தின் அளவுகூட இல்லாத தகரம்.

*

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனாள். அக்கா கதவைத் திறந்து, "வாம்மா டீச்சர்" என்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை. வந்தவர்களெல்லாம் கிளம்பிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில், சுவரோரமாக, சாருடைய போன் சார்ஜில் கிடந்தது.

"அதை அணைக்கலையாக்கா?"

"அணைக்கிறதா?" என்றார் அக்கா. மேசையில் இல்லாத தூசியைக் கையால் ஒதுக்கினார். "காலையில ஆறே காலுக்குக் கூப்பிடுறாரே."

டீச்சருக்கு விளங்கவில்லை. அக்காதான் சொன்னார். தைராய்டு மாத்திரையை அக்கா தினமும் மறந்துபோவார். இரண்டு வருடத்துக்கு முன் சார் தன் குரலையே பதிந்து, தன் போனில் அலாரமாக வைத்தார். தினமும் ஆறே காலுக்கு அது பேசும். அவர் இறந்த மறுநாளும் பேசியது. போனில் லாக் இருக்கிறது. பின் நம்பர் யாருக்கும் தெரியாது. ஆனால் அலாரம் லாக்கைப் பார்ப்பதில்லை.

"முதல் நாள் எழுந்து ஓடியாந்துட்டேன். கீழே விழுந்து முழங்கால்ல அடி. இப்போ அஞ்சரைக்கே எழுந்து இந்த நாற்காலியில உட்கார்ந்துக்குறேன்."

டீச்சர் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வரி. விடியற்காலை மூன்று மணி. தானே ஏறி, தானே அணைந்து, தானே எழும். ஒருமுறை அணைந்து எழுந்த போன், பின் நம்பர் போடும்வரை உள்ளே இருக்கிற எதையும் தொடாது. அலாரம் அடிக்கும். ஆனால் அவர் குரல் உள்ளே பூட்டிக் கிடக்கும். வெறும் மணிதான் வெளியே கேட்கும். பின் நம்பர் போட ஆள் இல்லை. இது நூற்றுப் பன்னிரண்டில் எண்பத்தாறாவது சோதனை. அவளே எத்தனையோ தடவை 'சரி' என்று குறி போட்டிருக்கிறாள்.

"அக்கா, நாளைக்குக் காலையில அது பேசும்போது உங்க போன்ல பதிஞ்சு வெச்சுக்கோங்க. எதுக்கும் இருக்கட்டும்."

"என் தம்பியும் அதைத்தான் சொன்னான். பதிஞ்சா நான் போட்டாத்தானே பேசும்? எனக்கு அது வேண்டாம். இது அவரே கூப்பிடுறது."

டீச்சர் போனிலிருந்து கண்ணை எடுத்தாள். டீ குடித்தாள். கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருக்கையில் அக்கா சொன்னார்: "அன்னிக்கு ஆம்புலன்சுக்குப் போட்டப்போ முதல் தடவை லைனே கிடைக்கலைம்மா. கைநடுக்கத்துல தப்பா அழுத்தியிருக்கேன். கட் பண்ணி, மறுபடி போட்டு... அவர் அந்த நாற்காலியில உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தார். 'பொறு, பொறு'ங்குறார் எனக்கு. அந்த நேரத்திலயும்."

டீச்சர் மற்ற செருப்பையும் மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

*

மறுநாள் மேலாளரிடம் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை. சாருடன் பதினான்கு வருடம் சண்டை போட்டவர். அந்த உரிமையில் அழுதவர். எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒரு போனை எடுக்கணும், அவ்வளவுதான் சார். அவர் போனை."

"எடுக்கலாம். எடுத்தா விதிப்படி முதல்லேருந்து. எத்தனை நாள்?"

"அவர் இல்லாம, ராப்பகலா உட்கார்ந்தாலும் மூணு வாரம்."

"நாலு லட்சம் போன். மூணு வாரம். அதுல எத்தனை பேர் அவசர நம்பர் போடுவாங்க, எத்தனை பேருக்கு முதல் தடவை விழும்? நீ கணக்கு டீச்சர். நீயே போட்டுச் சொல்லு."

டீச்சர் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். 

"விதியை மீறி யாருக்கும் தெரியாம எடுத்துடலாம்னா, என்னால முடியும்" என்றார் மேலாளர். "ஒரு கையெழுத்துத்தான். ஆனா அந்த விதி யாரோடது?"

ஒல்லி வெளியே காத்திருந்தான். "நான் எடுத்துடறேன் டீச்சர். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எடுத்த கைதானே. பழிய என் மேல போடுங்க" என்றான். வழக்கமான கிண்டல் குரலில்தான் ஆரம்பித்தான். பாதியில் அந்தக் குரல் அவனை விட்டுப் போய்விட்டது. டீச்சர் அவன் தோளில் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

மூன்று நாள் அவள் கையெழுத்துப் போடவில்லை. யாராவது கேட்டால் "பொறுங்க" என்றாள். தன் வாயில் அந்தச் சொல் வந்ததை முதல் தடவை அவளே கவனிக்கவில்லை; அறை அமைதியானதைத்தான் கவனித்தாள். ஒன்பது ஏழுக்கு முதல் வரி மினுங்கியது. இல்லை என்றது சர்வர். மறுநாள் ஒன்பது ஏழு. இல்லை.

நான்காம் நாள் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அக்கா, சுவரோரம் போன். எது ஏறும், எப்போது ஏறும், ஏறினால் எது போகும் என்று ஒவ்வொன்றாக, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னாள். அந்த மென்பொருள் எதற்காக என்பதை மட்டும் கடைசிக்கு வைத்துச் சொன்னாள்.

அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"முதல் தடவை விழுமா?"

"ஆமாக்கா."

"அப்போ என் கை இல்லையா?"

"உங்க கை இல்லக்கா. போன்ல இருந்த குறை."

அக்கா தன் வலது கையை மேசைமேல் வைத்துப் பார்த்தார்.  பிறகு, "அதைச் சரிபண்றது எத்தனை நாளா இவர்கிட்ட இருந்துச்சு?" என்றார்.

"இருபத்திரண்டு நாள்."

"முன்னாடியே கையெழுத்துப் போட்டிருக்கலாமா?"

வளைந்த தகரத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று டீச்சர் ஒரு கணம் யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அந்த நேரத்தில் கற்றுக்கொள்ளவும் முடியவில்லை. "பத்தாம் நாளே போட்டிருக்கலாம். போட்டிருந்தா உங்க போனுக்கும் அது வந்திருக்கும். நான் போடச் சொன்னேன். அவர் ஒரு குறை இருக்கோன்னு தேடினார். கடைசியில குறை இல்லை."

"டாக்டர் சொன்னார், அரை நிமிஷத்துல ஒண்ணும் மாறியிருக்காதுன்னு."

"ஆமாக்கா. அப்படித்தான் இருக்கும்."

"அரை நிமிஷம்னு அவருக்கென்ன, சொல்லிட்டார்."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து போய் அதை இறுக்கிவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். சாருடைய போனைக் கையில் எடுத்து, கண்ணாடியை முந்தானையால் துடைத்து, திரும்ப அதே கோணத்தில் வைத்தார். பேசியபோது குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

"அனுப்பிடு. எவளோ ஒருத்தி தன் கையைத் தானே திட்டிக்கிட்டு நிக்க வேண்டாம்."

"அக்கா, மூணு வாரம்தான். நான் உட்கார்ந்து..."

"வேண்டாம்னா வேண்டாம். நீ யோசிச்சுக்கிட்டே இருந்தா நான் மாத்திச் சொல்லிடுவேன். என்னிக்கு?"

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டா, நாளை மறுநாள் விடியற்காலை."

"அப்போ இன்னும் ஒரே ஒரு தடவை."

*

அந்த ஒரு தடவைக்கு டீச்சரும் போயிருந்தாள். அக்கா வரச் சொல்லியிருந்தார். ஐந்தே முக்காலுக்குப் போனபோது வீட்டில் விளக்கு எரிந்தது; மேசையில் மாத்திரைப் பட்டையும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தன. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.  ஆறு பதின்மூன்று. ஆறு பதினான்கு. அந்த ஒரு நிமிடம் நகரவே இல்லை.

திரை வெளிச்சமானது.

"எழுந்துட்டியா? மாத்திரை. வெறும் வயித்துல டீயைக் குடிச்சுட்டு உட்கார்ந்திருக்காதே. மாத்திரையைப் போடு, அப்புறம் அரை மணி பொறு. நான் சொல்றது காதுல விழுதா?"

அலுவலகக் குரல் அல்ல அது. இன்னும் கொஞ்சம் மெதுவானது, கொஞ்சம் கெஞ்சலானது. பதினொரு வருடத்தில் டீச்சர் கேட்டிராத குரல். பதிவு அங்கே முடிந்துவிடும் என்று நினைத்தாள். முடியவில்லை. பின்னால் எங்கோ, பாத்திரச் சத்தத்துக்கு நடுவில், இரண்டு வருடத்துக்கு முந்தைய அக்காவின் குரல் கேட்டது: "தனியா யார்கிட்டப் பேசுறீங்க?" சார் பதில் சொல்லத் தொடங்குகிற ஒரு சின்னச் சிரிப்பு. அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து. "எழுந்துட்டியா? மாத்திரை."

நாலு தடவை ஓடியது. அக்கா நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வி வரும்போது, அவருடைய உதடுகளும் அதைச் சேர்ந்து சொல்லின. டீச்சர் தன் போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றாமல் இல்லை. திரை அணைந்த பிறகு அக்கா மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, "நீ ஆபீசுக்குக் கிளம்பு. நேரமாச்சு" என்றார்.

டீச்சர் ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட்டாள். 'சோதித்தவர்' என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுதலாமா என்று மேலாளரைக் கேட்டாள். எழுதச் சொன்னார். ஒன்பது ஏழுக்கு முதல் வரி கேட்டது. இந்தத் தடவை சர்வர் 'இருக்கிறது' என்றது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டியலில் நாற்பது வரியும் 'ஏறியது' என்று காட்டியது. முதல் வரி: மூன்று மணி நான்கு நிமிடம். அவள் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அடிச்சுதாக்கா?"

"அடிச்சுது. மணி."

"மாத்திரை?"

"போட்டுட்டேன்" என்றார் அக்கா. "நாற்பதும் ஏறிடுச்சா?" என்று கேட்டார். ஏறிவிட்டது என்றாள் டீச்சர். "சரி" என்று வைத்துவிட்டார்.

அன்று மாலையே ஊருக்கு வழி திறந்தது. ஒரு வாரத்தில் மூன்று லட்சத்துச் சொச்சம் போன்களில் ஏறிவிட்டது. முதல் தடவை விழுந்தது என்று அதற்குப் பிறகு ஒரு புகாரும் வரவில்லை. சாருடைய போன் இன்னும் தினமும் ஒன்பது ஏழுக்குக் கேட்கிறது. டீச்சர் இப்போது தண்ணீர் குடிக்க எழுந்து போவதில்லை.

ஏறாமல் மீதி இருக்கிற போன்களின் வரிசையை மாதக் கடைசியில் பார்க்க வேண்டியது அவள் வேலை. அன்றைக்கு ஆம்புலன்சுக்குப் போட்ட அக்காவின் போனும் அதில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அது 'இப்போது', 'பிறகு' என்று இரண்டு கட்டம் காட்டிக் கேட்டிருக்கிறது. நேற்றுவரை பத்தொன்பது தடவை 'பிறகு' என்று அழுத்தப்பட்டிருக்கிறது.